நாசி லெமாக்கும் லக்சாவும்: வாசகர் வினா விடை

வினா: கோலாலம்பூரில் இருக்கும் மகளிடம் ஒரு மாதம் தங்கப் போகிறேன். வெள்ளிக்கிழமைகளில் சைவம் மட்டுமே உண்பேன். அங்குள்ள தெருக்கடைகளில் எதை நம்பிச் சாப்பிடலாம்? (வாசகி, கொக்குவில்)

விடை: அந்தக் கடைகளில் கண்ணால் பார்த்து முடிவெடுக்க இயலாது. வெறும் கீரைப் பிரட்டலாகத் தோன்றும் உணவில், கூனி இறாலை உப்பிட்டுக் காயவைத்து நொதிக்கச் செய்து இடித்தெடுத்த பெலாச்சான் கரைந்திருக்கும். வெள்ளரிக்காயும் அன்னாசியும் கலந்து தரும் ரோஜாக்கின் கருஞ்சாற்றிலும் இறால் பசை உண்டு. சீனர் கடை நூடுல்ஸ் வகைகள் பல பன்றிக் கொழுப்பில் வதக்கப்படுபவை. ஆகவே மீனும் இறைச்சியும் உண்டா என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, இவற்றைப் பெயர் சொல்லியே விசாரியுங்கள். பௌத்த நெறியைப் பின்பற்றும் சீனரின் சைவக் கடைகளுக்குத் தயங்காமல் போகலாம். அவர்களிற் பலர் வெங்காயம், உள்ளியையும் விலக்குபவர்கள்; முட்டை சேருமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பில் செண்டோல் உங்களுக்குப் பொருந்தும்: துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், தென்னஞ் சர்க்கரைப் பாகு, றம்பைச் சாற்றில் பச்சை நிறமேற்றிய அரிசிமா இழைகள். அங்கே தெருவில் விற்கும் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும்தான் துணை. சொதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வினா: தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் மலாய்ச் சோறான நாசி லெமாக்கை இங்கே கிடைக்கும் பொருட்களைக் கொண்டு சமைக்க முடியுமா? (வாசகர், சாவகச்சேரி)

விடை: பெலாச்சான் ஒன்றைத் தவிர மற்ற யாவும் உங்கள் சந்தையிலேயே இருக்கின்றன. வெள்ளைப் பச்சையரிசியைக் கழுவி, நடுத்தரத் தடிப்புள்ள தேங்காய்ப்பால், உப்பு, இரண்டு இஞ்சித் துண்டு, முடிச்சிட்ட றம்பை இலை ஆகியவற்றுடன், பால் முழுவதும் சோற்றுக்குள் வற்றும்படி அளவாக வேகவிட வேண்டும். கஞ்சி வடிப்பதற்கு இங்கே இடமில்லை. முதற்பாலை மட்டும் ஊற்றினால் சோறு திகட்டும், அடியும் பிடிக்கும்.

இந்த உணவின் உயிர் சம்பலில் இருக்கிறது. நமது இடிசம்பலை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினால் தவறிப்போகும். இது நேரமெடுத்து எண்ணெயில் வதங்க வேண்டியது. செத்தல் மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், உள்ளி, சுட்ட பெலாச்சான் ஆகியவற்றுடன் அரைத்து, தாராளமான எண்ணெயில், மிதமான தீயில், எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிளறுங்கள். பிறகு பழப்புளிக் கரைசலும் சீனியும் சேர்த்து மேலும் வற்றவிடுங்கள். அவசரப்பட்டால் மிளகாயின் பச்சை நெடி போகாது. பெலாச்சானுக்குப் பதிலாகக் காய்ந்த கூனியை வறுத்து இடித்துச் சேர்க்கலாம். நொதிப்பின் மணம் குறையும், ஆயினும் சுவை கெடாது. சோற்றின் பக்கத்தில் மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்தலிக் கருவாடு, வறுத்த கச்சான், வெள்ளரிக்காய், அவித்த முட்டை ஆகியவற்றை வைத்து வாழையிலையில் பரிமாறுங்கள். கோழிக்கறியும் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது மிகையாகவே படுகிறது.

வினா: லக்சாவும் நமது ஒடியற் கூழும் ஒன்றுதான் என்று நண்பர் வாதிடுகிறார். சரியா? (வாசகர், வல்வெட்டித்துறை)

விடை: எந்த லக்சா என்று நண்பரிடம் முதலில் கேளுங்கள். சிங்கப்பூரில் பெயர்பெற்ற லக்சா, நூடுல்ஸோடு தரும் தேங்காய்ப்பால் சேர்ந்த கறிக் குழம்பு. அதற்கும் கூழுக்கும் உறவில்லை. பினாங்கின் அசாம் லக்சாவை அவர் கருதியிருந்தால் வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. கூழைப் போலவே அதிலும் தேங்காய்ப்பால் கிடையாது. மீனை அவித்து உதிர்த்து, புளிப்பும் உறைப்புமாகக் கொதிக்கவிடுகிறார்கள். ஆனால் கூழுக்குத் தடிப்பைத் தருவது, காயவைத்த பனங்கிழங்கின் மாவான ஒடியல்மா. அசாம் லக்சாவிலோ உதிர்ந்த மீனே சாற்றைத் தடிக்கச் செய்கிறது. புளிப்புக்குப் புளியோடு, நமது கொறக்காயின் இனத்தைச் சேர்ந்த ஒரு காயின் உலர்ந்த துண்டுகளையும் இடுகிறார்கள். தடித்த அரிசி நூடுல்ஸின் மீது அதை ஊற்றி, அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா ஆகியவற்றைப் பச்சையாகத் தூவி, ஒரு கரண்டி இறால் பசையோடு தருவார்கள். கூழில் அன்னாசியா என்று முகஞ்சுளிப்பவர்களும் இதை ஒருமுறை குடித்துப் பார்க்கலாம்.

வினா: சார் கொய்தியாவை வீட்டில் செய்தால் குழைந்து போகிறது. என்ன காரணம்? (வாசகி, மானிப்பாய்)

விடை: தீ போதவில்லை, தாச்சியில் இட்ட அளவும் கூடிவிட்டது. கடைக்காரர் புகையெழும் இரும்புத் தாச்சியில் ஒன்றிரண்டு தட்டுக்கு வேண்டியதை மட்டும் இட்டு, மிகக் குறைந்த நேரத்தில் எடுத்துவிடுவார். குடும்பத்துக்கு வேண்டிய தட்டையான அரிசி நூடுல்ஸ் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் சூடு இறங்கி, அது வதங்காமல் அவிந்துவிடும். ஒருவருக்கு ஒரு தடவையாகச் செய்யுங்கள். முளைப்பயறை இறுதியிற் சேருங்கள்.

வினா: மலாயா ரயில்வேயில் பணியாற்றிய பாட்டனார், தோளில் அடுப்பைக் காவிவந்து, குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சியான சாத்தே விற்பவர்களைப் பற்றிச் சொல்லுவார். அவர்கள் இன்றும் உண்டா? (வாசகர், காரைநகர்)

விடை: காவுதடியில் ஒரு பக்கம் கரியடுப்பும் மறுபக்கம் இறைச்சியும் கச்சான் குழம்புமாகத் திரிந்த அக்காலம் முடிந்துவிட்டது. சிங்கப்பூர் அரசு 1960களின் இறுதியில் தெரு வணிகர்களைப் பதிவுசெய்து, 1971 முதல் 1986 வரை, குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு அவர்களை இடம்மாற்றியது. 2020இல் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக் முதலானவற்றைக் கொண்ட மலேசியக் காலையுணவுப் பண்பாடும் 2024இல் அதே பட்டியலில் இடம்பெற்றது. தெருவோரத்திலேயே சமைப்பதைப் பார்க்க விரும்பினால் பினாங்கின் ஜோர்ஜ் டவுனுக்குச் செல்லுங்கள். சூலியா வீதியில் மாலையானதும் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும்.