விமானம் ஏறும் கைப்பேசி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் நியூ ஜெர்சிக்குப் போகிறோம், ஐந்து மாதம் தங்குவோம். என்னிடம் இருப்பது இரண்டு ஆண்டுக்கு முன் இங்கே வாங்கிய 4ஜி கைப்பேசி. கணவர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். இவற்றையே கொண்டுபோகலாமா, அங்கே புதிதாக வாங்குவது நல்லதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கணவரின் போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அவசர நேரத்தில் கைவிடக்கூடியது அதுதான். நம் ஊரில் புழங்கும் பட்டன் போன்களில் பல, 2ஜி அலைவரிசையில் மட்டுமே பேசுபவை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2017 ஜனவரியிலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டது. 2022 முடிவதற்குள் அங்குள்ள மூன்று பெரிய நிறுவனங்களும் 3ஜி சேவையையும் மூடிவிட்டன. 4ஜி பட்டன் போனாக இருந்தாலும், அது இங்குள்ள ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதாக இருந்தால் அங்கு வாங்கும் சிம்மை ஏற்காது. மருத்துவமனைக்கு ஓட வேண்டிய வீட்டில் இருவரிடமும் பேசக்கூடிய போன் இருந்தே ஆக வேண்டும். ஆகவே அவருக்கு வேறு போன் தேவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 4ஜி கைப்பேசி விஷயத்தில் பார்க்க வேண்டியது அதன் விலையை அல்ல, அது எந்தெந்த 'பேண்டு'களில், அதாவது எண்ணிட்டுப் பிரித்த அதிர்வெண் பகுதிகளில், பேசும் என்பதை. இந்தியாவில் 4ஜி பெரும்பாலும் 3, 5, 8, 40, 41 ஆகிய பேண்டுகளில் ஓடுகிறது. அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66, 71 ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் 12, 13, 71 ஆகிய மூன்றும் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை என்பதால் அதிக தூரம் செல்லும், சுவர்களையும் ஓரளவு கடந்து உள்ளே வரும். இந்தியச் சந்தைக்கென்று தயாரான பல போன்களில் 2-ம் 4-ம் இருக்கும், இந்த மூன்றும் இருக்காது. அத்தகைய போன் தெருவில் நன்றாகப் பேசிவிட்டு, வீட்டின் நிலவறைக்குள் இறங்கியதும் ஊமையாகிவிடும்.

செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் உள்ள மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த எண்ணுக்கு உரிய பேண்டுப் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் போனுக்கே நாட்டுக்கு நாடு வேறு மாடல் எண்ணும் வேறு பேண்டுகளும் இருப்பதால், பெயரை மட்டும் வைத்துத் தேடுவது பயன்படாது. அடுத்து, அழைப்புத் திரையில் *#06# என்று அழுத்துங்கள். போனை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண்களுடன் 'ஈஐடி' என்று ஒரு நீண்ட எண்ணும் தெரிந்தால் உங்கள் போனில் இ-சிம் (அட்டை செருகாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வசதி இருக்கிறது என்று பொருள். அப்படியானால் இந்திய சிம்மைக் கழற்றாமலே அமெரிக்க எண்ணை இ-சிம்மாகச் சேர்த்துக்கொள்ளலாம். இது வெறும் சௌகரியம் அல்ல. வங்கியின் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, பிறகு மின்கட்டணம்கூடக் கட்ட முடியாமல் தவித்தவர்களை நான் அறிவேன். புறப்படும் முன்பே ரோமிங் வசதியைச் செயல்படுத்தி, திரும்பும் நாள் வரைக்கும் செல்லுபடியாகும்படி ரீசார்ஜ் செய்து, 'டேட்டா ரோமிங்'கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

அங்கே வாங்குவதானால், மாதத் தவணையில் தரும் போன்கள் அந்த நிறுவனத்தின் சிம்முக்கே பூட்டப்பட்டிருக்கும். 'அன்லாக்டு' என்று கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில், 2022-இல் வந்த 14-ஆம் வரிசை முதல், சிம் செருகும் இடமே கிடையாது. இங்கு திரும்பிய பிறகும் இ-சிம் ஒன்றே வழி என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் காரை வாடகைக்கு எடுத்து ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் பன்னிரண்டு நாள் சுற்றப் போகிறோம். தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா, போனே போதுமா? மலைப்பாதையில் நெட் இல்லாமல் போனால் என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அது தவறு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்புகளை வாங்கி, அவற்றைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைப் போனே கணக்கிடுகிறது. அதற்கு சிம்மும் வேண்டாம், கட்டணமும் இல்லை. நெட் இருந்தால் முதல் முறை இடம் பிடிப்பது விரைவாக நடக்கும். இல்லாவிட்டால் திறந்த வானத்தின் கீழ் சில நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். நெட் இல்லாதபோது உண்மையில் காணாமல் போவது வரைபடம். திரையில் நீலப்புள்ளி சரியாக நிற்கும், சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டங்கள் இருக்கும்.

எனவே வரைபடத்தை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் இறக்கிய வரைபடம் நெட் இல்லாமல் கார் வழியை மட்டுமே சொல்லும், நடைவழியைச் சொல்லாது. அதற்காக ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட் செயலியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு இயங்கும் இவை மலையடிவார ஒற்றையடிப் பாதையைக்கூடக் காட்டும். இறக்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். திருச்சியில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஃப்ளைட் மோடைப் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, நீங்கள் தங்கப்போகும் விடுதியிலிருந்து ஏதாவது ஓர் ஊருக்கு வழி கேளுங்கள். அங்கே வழி வந்தால் ஆல்ப்ஸ் மலையிலும் வரும்.

பன்னிரண்டு நாளுக்குத் தனிக் கருவி தேவையில்லை என்பது என் கருத்து. ஆண்டுதோறும் வெளிநாட்டில் வாரக்கணக்கில் கார் ஓட்டுபவர் என்றால், வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் சூடேறி மங்காத தனிக் கருவிக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்திய வரைபடத்துடன் விற்கும் கருவியில் ஐரோப்பிய வரைபடமும் இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பணத்தை உறுதியான ஒரு ஸ்டாண்டுக்கும், காரின் திரையோடு இணைக்க நல்ல கேபிளுக்கும் செலவிடுங்கள்.

சிம் வாங்கும்போது சுவிட்சர்லாந்தை மறக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு சிம்மை மற்ற நாடுகளில் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தும் முறை 2017 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ளது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை என்பதால் அந்தச் சலுகை அங்கு தானாக வராது. பாசல் நகரின் 8-ஆம் எண் டிராம், எல்லையைக் கடந்து ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரை போகிறது. டிராமில் எல்லை தாண்டியது நமக்கே உறைப்பதற்குள் போன் நாடு மாறிவிடும், கட்டணமும் கூடவே மாறிவிடும். சுவிட்சர்லாந்தும் அடங்கும் என்று பெயர் குறிப்பிட்டு எழுதியிருக்கும் திட்டத்தையே வாங்குங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வேகக் கண்காணிப்புக் கேமராவை முன்கூட்டிச் சொல்லும் கருவியை சுவிட்சர்லாந்தில் வைத்திருப்பதே குற்றம். ஜெர்மனியில் ஓட்டுநர் அத்தகைய செயலியைப் பயன்படுத்தக் கூடாது. அந்த அறிவிப்பை எல்லையைத் தொடும் முன் அணைத்துவிடுங்கள். இத்தாலியில் ஃபுளோரன்ஸ், ரோம் போன்ற நகரங்களின் பழைய நகர்ப்பகுதியில் 'இசட்டிஎல்' என்ற தடைப்பகுதி உண்டு; அனுமதியில்லாமல் நுழையும் காரின் எண்ணைக் கேமரா படித்துவிடும், அபராதம் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வரும். வழிகாட்டிச் செயலி உள்ளே போகச் சொன்னது என்பது அங்கே சமாதானமாகாது. காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

கேள்வி: பவர் பேங்க்கைப் பெட்டியில் வைக்கலாமா? எத்தனை எம்ஏஎச் வரை அனுமதி?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலின் அளவு) வரை கேள்வியில்லாமல் அனுமதிப்பது பொது வழக்கம். 20,000 எம்ஏஎச் என்பது ஏறத்தாழ 74 வாட்-மணி. அளவு அச்சிட்டது அழிந்துபோன பழையதைக் கொண்டுபோகாதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்து வைத்துவிடுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கில் சார்ஜ் செய்வதையும் தடுத்திருக்கிறது.

கேள்வி: பின்னலாடைத் தொழிலுக்கு இயந்திரம் பார்க்க குவாங்சோ கண்காட்சிக்குப் போகிறேன். சீனாவில் கூகுள் மேப் வராது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: விடுதி வைஃபையில் வராது. இந்திய சிம்மின் ரோமிங்கில் தரவு நம் நாட்டு நிறுவனம் வழியாகச் சுற்றி வருவதால் பெரும்பாலும் திறக்கும். ஆனால் திறந்தாலும் நம்ப வேண்டாம். சீனா தன் வரைபடங்களுக்கு வேண்டுமென்றே சற்றுத் திரித்த ஆயமுறையை (இடத்தை எண்களால் குறிக்கும் முறையை) கையாளுகிறது. அதனால் கூகுளில் தெருக்கள் ஓரிடத்திலும் உங்கள் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி வேறிடத்திலும் நிற்கக்கூடும். அங்குள்ளவர்கள் பயன்படுத்தும் ஆமேப் அல்லது பைடு செயலியைப் புறப்படும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படமாகச் சேமித்து வையுங்கள்; டாக்சி ஓட்டுநரிடம் காட்ட அதைவிட உதவும் செயலி எதுவும் இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் மலையேறும் என் மகன், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை எனக்குப் பரிசளித்திருக்கிறான். ஊருக்குக் கொண்டுவந்து வெள்ளியங்கிரி ஏறும்போது பயன்படுத்தலாமா?
– வாசகர், ஈரோடு (இப்போது டெக்சாஸில்)

பதில்: தயவுசெய்து கொண்டுவராதீர்கள். துராயா, இரிடியம் ஆகிய செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்கு இந்தியாவில் தடை உள்ளது. தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். பேசும் வசதி இல்லாத, குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும் உள்ளங்கையளவுக் கருவிக்கும் இது பொருந்தும். விவரம் அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். செயற்கைக்கோள்களிலிருந்து இடத்தை மட்டும் அறியும் சாதாரண ஜிபிஎஸ் கைக்கடிகாரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது எதையும் செயற்கைக்கோளுக்கு அனுப்புவதில்லை. அந்தக் கருவியை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்க மலைகளில் அவருக்குத்தான் அது தேவை.