தூரம் மட்டும் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் கோயம்புத்தூரில் பயிர் இனப்பெருக்கம் எம்.எஸ்சி. படிக்கிறாள். 40 ரகக் கொண்டைக்கடலையை ஒரு பருவம் வளர்த்து, பல பண்புகளைச் சேர்த்து ரகங்களுக்கு இடையேயான வேறுபாட்டைத் ‘தூரம்’ என்று அளக்கும் டி-ஸ்கொயர் கணக்கில் 7 கிளஸ்டராக (ஒத்த ரகங்களின் குழுவாக) பிரித்திருக்கிறாள். அதிக தூரம் காட்டும் இரண்டு ரகங்களைக் கலப்புக்கு எடுத்தால் போதுமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: போதாது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1936-ல் தந்த இந்தக் கணக்கு, இரண்டு ரகங்கள் எவ்வளவு வேறுபட்டவை என்று சொல்லும்; நல்லவையா என்று சொல்லாது. விளைச்சல் குறைந்த ரகமும் தனிக் கிளஸ்டராக ஒதுங்கி நிற்கும். அதைப் பெற்றோராக்கினால் அடுத்த தலைமுறைகளில் கழிக்க வேண்டியதுதான் அதிகம் வரும்.

முதலில் ஒரு செடிக்குக் கிடைக்கும் விளைச்சலை வைத்து மேலே உள்ள 10 ரகங்களை எடுக்கட்டும். அந்தப் பத்துக்குள் வெவ்வேறு கிளஸ்டரில் இருப்பவற்றைப் பார்க்கட்டும். பிறகு ஒன்றில் குறைவது மற்றதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய் எண்ணிக்கை கூடினால் 100 விதை எடை பெரும்பாலும் இறங்கும். அதனால் நிறைய காய்க்கும் ஜேஜி 11 போன்ற கறுப்புக் கடலையோடு, பருத்த வெள்ளைக் கடலையான காக் 2 சேர்வதில் பொருள் உண்டு. மானாவாரி நிலம் என்றால், வேர் ஆழமாக இறங்கும் ஐசிசி 4958 ரகத்தை மறக்க வேண்டாம். பெற்றோரில் ஒன்றாவது வாடல் நோயைத் தாங்க வேண்டும்.

எந்தப் பண்பு தூரத்துக்கு எவ்வளவு பங்களித்தது என்ற அட்டவணையையும் பாருங்கள். பாதிக்கு மேல் 100 விதை எடையே என்றால், அது வெறும் பெரிய கடலை, சின்னக் கடலைப் பிரிவு. கறுப்பையும் வெள்ளையையும் ஒரே கணக்கில் போடும்போது இப்படித்தான் ஆகும். தனித்தனியாகப் போட வேண்டும். ஊர் வேறு என்பதால் மரபும் வேறு என்று நம்புவதும் தவறு. ஒரு பருவத் தரவை மட்டும் நம்பாமல், இன்னொரு பருவமும் விதைத்துப் பார்ப்பது நல்லது.

கலப்பில் கவனம் வேண்டிய இடம் மொட்டு. கடலை, பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். மகரந்தப்பைகளை மூடியிருக்கும் படகு வடிவ இதழை ஊசியால் விலக்கினால் 10 மகரந்தப்பைகள் தெரியும். அவை சூலகமுடியின் (மகரந்தத்தை ஏற்கும் நுனியின்) உயரத்துக்கு வந்திருந்தால் நேரம் கடந்துவிட்டது. அந்த மொட்டை விட்டுவிட வேண்டும். தாழ இருந்தால் பத்தையும் எடுத்துவிட்டு, புதிதாக விரிந்த பூவின் மகரந்தத்தைத் தடவலாம். வெள்ளைப் பூ ரகத்தைத் தாயாகவும் இளஞ்சிவப்புப் பூ ரகத்தைத் தந்தையாகவும் வைத்தால், முதல் தலைமுறையில் இளஞ்சிவப்பாகப் பூப்பதே உண்மையான கலப்பு. வெள்ளையாகப் பூத்த செடி தன் மகரந்தத்தில் விளைந்தது, பிடுங்கிவிடலாம்.

கேள்வி: மளிகைக் கடைக் கறுப்புக் கடலையை மாடியில் விதைக்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: விதைக்கலாம். 10 விதையை ஈரத்துணியில் முளைக்க வைத்து, 8 முளைத்தால் நம்பி விதையுங்கள். பருவமழை ஓய்ந்து டிசம்பரில் போடுங்கள். தேங்கும் நீரில் வேர் அழுகும். உங்கள் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு நீர்தான். கொண்டைக்கடலை உப்பைத் தாங்காது, இலை ஓரம் கருகும். மெட்ரோ தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர், மண் காய்ந்த பிறகு மட்டும்.