முதல் சம்பள விருந்தும் தெருமுனைச் சைனீஸ் கடையும்

கேள்வி: புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். என் மகள் முதல் சம்பளம் வாங்கிவிட்டாள். நாத்தனார் குடும்பம், என் அண்ணன் குடும்பம், மாமியார் என்று 12 பேருக்குத் தன் செலவில் விருந்து கொடுக்க வேண்டும் என்கிறாள். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் தெருமுனையில் இருக்கும் சின்ன சைனீஸ் கடையில்தான் கொடுப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். டார்ஜிலிங் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அந்தக் கடையை நடத்துகிறது. அண்ணன் அடுப்பில், அக்கா கல்லாவில், பிளஸ் டூ படிக்கிற அவர்கள் பெண் பார்சல் கட்டும். உள்ளே நாலே டேபிள். பத்து வருஷமாகப் பார்சல் வாங்குகிறோம், ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நாத்தனார், "முதல் சம்பளத்துக்குச் சைனாக்காரன் கடையா? மாலுக்குப் போகலாம்" என்கிறார். மாமியார் சுத்த சைவம், பிரஷர் வேறு இருக்கிறது. அஜினோமோட்டோ விஷம் என்கிறார். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. மகளின் மனதை எப்படி மாற்றுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளின் மனதை மாற்ற வேண்டாம், சகோதரி. அங்கேயே போங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சும்மா சொல்லிவிட்டுப் போன ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. பத்து வருஷமாக வாங்குகிறீர்கள், ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அப்படியென்றால் அந்தக் கடைக்கார அண்ணனுடைய சமையலை உங்கள் வீட்டில் யாருமே இன்னும் சாப்பிடவில்லை என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் சாப்பிட்டதெல்லாம் பார்சல்.

ஒரு நாள் சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். சோற்றை மத்தியானமே வடித்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டிருப்பார்கள். சூடான சோற்றைக் கடாயில் போட்டால் குழைந்துவிடும். நூடுல்ஸையும் முன்னாலேயே வேகவைத்து, தண்ணீர் வடித்து, எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். கோஸ், கேரட், பீன்ஸ் எல்லாம் நூல் மாதிரி அரிந்து டப்பாக்களில் இருக்கும். கடையில் உண்மையான வேலை இந்த அரிவதுதான், அநேகமாக அது அந்த அக்காவின் கை வேலையாக இருக்கும். ஆர்டர் வந்த பிறகு எல்லாம் மூன்று நிமிஷம். இரும்புக் கடாய் புகையும், எண்ணெய் விழும், முட்டை உடையும், காய் சோறு சாஸ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழும். கரண்டி கடாயின் ஓரத்தில் 'டங் டங்' என்று தட்டிக்கொண்டே இருக்கும். தூக்கிப் போடும்போது தீ ஒரு நொடி கடாய்க்குள்ளேயே பற்றி அணையும். அப்போது ஏறுகிற லேசான புகை வாசனைக்குக் கான்டனீஸ் மொழியில் 'வொக் ஹேய்' என்று பெயர். கடாயின் மூச்சு என்று அர்த்தம். தட்டில் விழுந்த சில நிமிஷங்களில் அந்த மூச்சு போய்விடும். பார்சலாகக் கட்டினால் உள்ளேயே ஆவி சேர்ந்து, மொறுமொறு சில்லி சிக்கன் சொதசொதவென்று ஆகிவிடும். வீட்டுக்கு வந்து நீங்கள் பிரிக்கும்போது மிச்சமிருப்பது உப்பும் காரமும்தான். (பார்சல்தான் என்றால் இனிமேல் கிரேவியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் ட்ரை ஐட்டத்தைப் பிரித்து வையுங்கள்.)

உங்கள் மகள் இதைக் கண்டிருப்பாள். பார்சலுக்காக அந்தக் கடை வாசலில் பத்து வருஷம் நின்றது அவள்தானே? நின்ற இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தன்னைச் சேர்ந்தவர்களையும் உட்கார வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். முதல் சம்பளத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

மால் பற்றி ஒன்று சொல்கிறேன். என் தம்பி மகனுக்கு வேலை கிடைத்தபோது 11 பேர் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனோம். மெனு கார்டைப் பிரித்ததும் பெரியவர்கள் கண் வலது பக்கத்து விலைக்குத்தான் போனது. எங்கள் அத்தை, "எனக்குப் பசியே இல்லப்பா, ஒரு சூப் போதும்" என்றார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேருக்குப் பசி போய்விட்டது. ஏசிக் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தை அந்த ஒரு சூப்பை முக்கால் மணி நேரம் குடித்தார். தம்பி மகன் எல்லோரிடமும், "இன்னும் ஏதாவது சொல்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்து எல்லோரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். உங்கள் தெருமுனைக் கடையில் 12 பேரும் வயிறாரச் சாப்பிட்டாலும் மகளின் கை கடிக்காது. யாரும் விலையைப் பார்த்துப் பசியை மறைக்கத் தேவையில்லை.

இப்போது நாத்தனார் சொன்ன 'சைனாக்காரன் கடை'. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டார்ஜிலிங் இருப்பது மேற்கு வங்கத்தில். அந்தப் பக்கத்து மக்களில் பெரும்பாலோர் பேசுவது நேபாளி மொழி. அவர்களும் நம்மைப் போல இந்த நாட்டுக்காரர்கள்தான். முகஜாடையைப் பார்த்துச் சைனாக்காரன் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அதைத் தினமும் காதில் வாங்கிக்கொண்டே பார்சல் கட்டுகிற பெண், நம்ம வண்ணாரப்பேட்டையிலேயே படித்து, நம்மைப் போலவே தமிழ் பேசுகிற பெண்ணாகத்தான் இருக்கும். விருந்தன்று அந்தப் பெண் முன்னால் இந்த வார்த்தை வரவே கூடாது. இதை நாத்தனாரிடம் முன்கூட்டியே, தனியாக, பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கூச்சப்பட வேண்டிய விஷயம் இருக்கிறதென்றால் இது ஒன்றுதான்.

அந்தக் கடைப் பலகையில் மோமோ இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது அவர்கள் வீட்டுச் சாப்பாடு. மற்றதெல்லாம் நமக்காக அவர்கள் கற்றுக்கொண்டது. "இது அசல் சைனீஸ் இல்லை" என்று மாலுக்குப் போய் வந்த யாராவது சொல்லக்கூடும். இல்லைதான். கல்கத்தாவில் குடியேறிய சீனக் குடும்பங்கள், முக்கியமாகத் தோல் பதனிடும் தொழிலுக்காக டாங்க்ரா பகுதியில் வாழ்ந்த ஹக்கா மக்கள், நம்ம ஊர் நாக்குக்காகப் பச்சை மிளகாயும் பூண்டும் சேர்த்துச் சமைத்த சாப்பாடு இது. மஞ்சூரியன் என்ற ஐட்டம் மஞ்சூரியாவில் கிடையாது. கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975-ல் மும்பையில் செய்தது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம்ம ஊர் வழியில் தொடங்கி, மசாலாப்பொடி போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றினார். ஆக, மாலில் கிடைப்பதும் அதே மஞ்சூரியன்தான்.

நூடுல்ஸ் சாப்பிடுவதும் வடசென்னைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள். பர்மா பஜார் பக்கம் அத்தோ கடை போட்டார்கள். வெங்காயம், கோஸ், புளித்தண்ணி, பொரித்த பூண்டு எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தரும் நூடுல்ஸும், பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப்பும் எத்தனை பேர் மாலைப்பசியை ஆற்றியிருக்கின்றன! வெளியூரிலிருந்து வந்த குடும்பம் அடுப்பு மூட்டினால் அதைத் தன் கடையாக்கிக்கொள்வது நம்ம பேட்டைக்குப் புதிதில்லை. உங்கள் அண்ணனுக்கு இது நினைவிருக்கும். அவரைக் கேட்டுப் பாருங்கள், நாத்தனாரைச் சமாளிக்க அவரே துணைக்கு வருவார்.

சரி, மாமியார். அஜினோமோட்டோ என்பது ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயர், பொருளின் பெயர் மோனோசோடியம் குளுட்டமேட். 1908-ல் டோக்கியோவில் இகேடா என்ற பேராசிரியர் கடற்பாசிச் சாற்றின் ருசி எதனால் வருகிறது என்று தேடிப் பிரித்தெடுத்தார். அதே குளுட்டமேட் தக்காளியில் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது 1968-ல். சைனீஸ் ஹோட்டலில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டு ஒரு டாக்டர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து. அதற்குப் பிறகு எது எதில் கலந்திருக்கிறது என்று தெரியாமல் கொடுத்துச் செய்த பரிசோதனைகளில், சமையலில் போடும் அளவுக்கு அப்படி எதுவும் உறுதியாகவில்லை. விஷம் இல்லை. ஆனாலும் பெரியவரின் மனம் ஒப்பவில்லை என்றால் வாதாட வேண்டாம். "போடாதீங்கண்ணா" என்றால் போடமாட்டார், எல்லாம் கண்ணெதிரே நடக்கிற சமையல்தானே.

மாமியார் விஷயத்தில் நான் கவலைப்படுவது சோயா சாஸைப் பற்றி. அதில் உப்பு ரொம்ப அதிகம். பிரஷர் இருப்பவருக்குச் சோயா சாஸைக் குறைத்து, தனி உப்பு போடாமல், மிளகு தூக்கலாக ஒரு வெஜ் ரைஸ் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் சைவம். அன்று முதல் ஆர்டர் மாமியாருடையதாக இருக்கட்டும். கடாய், கரண்டி சுத்தமாக இருக்கும்போதே, புது எண்ணெயில், முட்டை விழுவதற்கு முன்னாலேயே அவருடையதைச் செய்து வாங்கிவிடலாம். வெஜ் சூப்பில் ஊற்றுவது வெந்நீரா, கோழி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை நிறைய பேர் கேட்பதில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள், கலர். செக்கச்செவேல் என்றிருக்கும் கோபி 65-ஐயும் சில்லி சிக்கனையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். 2024 பிப்ரவரியில் நம்ம தமிழ்நாட்டில் ரோடமின்-பி என்ற ரசாயனச் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே கர்நாடகாவில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். "எங்களுக்குக் கலர் வேணாம்கா, காஷ்மீர் மிளகாய்த்தூள் போதும்" என்று சொன்னால் அவர்களுக்கும் நிம்மதிதான். வாடிக்கையாளர் சிவப்பாகக் கேட்கிறார் என்றுதான் பல கடைகளில் போடுகிறார்கள்.

ஏற்பாட்டை எல்லாம் மகளே செய்யட்டும். நீங்கள் கூடப் போய் நில்லுங்கள், போதும். நாலு டேபிள் கடைக்கு 12 பேர் திடீரென்று போய் இறங்கினால் அவர்களுடைய அன்றைய பார்சல் வியாபாரம் கெடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை திறந்த உடனே போய்விடுங்கள். ஏழரைக்கு மேல் டெலிவரி பையன்கள் வாசலில் வரிசை கட்டுவார்கள், அண்ணனால் தலைநிமிர முடியாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஆர்டர் செய்யாதீர்கள். இருப்பது ஒரே கடாயோ இரண்டோதான். முதலில் சூப், மோமோ. அப்புறம் ட்ரை ஐட்டம் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். கடைசியில் ரைஸ், நூடுல்ஸ். வந்த தட்டை, மற்றவர்களுக்கும் வரட்டும் என்று ஆறப்போடாமல், வந்த சூட்டிலேயே சாப்பிடுங்கள். உங்கள் அண்ணன் குடும்பம் கார் எடுத்து வர வேண்டாம், அந்தத் தெருவில் எங்கே நிறுத்துவது? புதுவண்ணாரப்பேட்டையிலேயே மெட்ரோ நிற்கிறதே. பணத்தை மகள் தன் கையால் அக்காவிடம் கொடுக்கட்டும், கூடவே ஒரு ஸ்வீட் பாக்கெட்டும். "என் முதல் சம்பளம்கா" என்று அவளே சொல்லட்டும். அவளைச் சின்னப் பெண்ணாக வாசலில் பார்த்தவர்கள் அவர்கள்.

நாத்தனார் அதற்கும் வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். மிச்ச நாற்காலியில் அந்தப் பிளஸ் டூ பெண்ணை உட்காரச் சொல்லுங்கள். ஒரு வேளையாவது அவள் பார்சல் கட்டாமல் சாப்பிடட்டும், பார்சலை உங்கள் அண்ணன் பிள்ளைகள் கட்டுவார்கள்.

கோழியை அன்று காலையில் வாங்கினால்தான் மத்தியானத்துக்குள் ஊறவைக்க முடியும். அதனால் இரண்டு நாள் முன்னாலேயே அக்காவிடம் எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள்.