வாசகர் கேள்வி: சாரை, பல்லி, உலக்கை, அமுக்குவான்

கே: எங்கள் வயல் வரப்பில் சாரையும் நல்ல பாம்பும் வெகுநேரம் பின்னிப் பிணைந்து ஆடின. அம்மா ஓடிப்போய் அப்பாவின் புது வேட்டியை மேலே போட்டு எடுத்து, பீரோவில் பூட்டி வைத்துவிட்டார். செல்வம் பெருகுமாமே? (வாசகி, மன்னார்குடி)

ப: முதலில் வேட்டியை அப்பாவிடம் கொடுங்கள். நீங்கள் அனுப்பிய செல்போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டுமே சாரைதான். உதட்டோரம் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடுகள், பெரிய கண்கள், படம் எடுத்த அடையாளமே இல்லை. நல்ல பாம்புக்கு இந்த முகம் கிடையாது.

அப்புறம், அது காதலும் அல்ல, மல்லுக்கட்டு. இனப்பெருக்க காலத்தில் இரண்டு ஆண் சாரைகள் முன்னுடம்பைத் தூக்கி, முறுக்கிக்கொண்டு, எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். பெரும்பாலும் கடித்துக்கொள்வதில்லை. பலம் குறைந்தது தானாக விலகிப் போய்விடும். தூரத்தில் நின்று பார்க்கிற நமக்கு அது நடனம். நல்ல பாம்பில் ஆண், பெண் இரண்டும் உண்டு, சாரையிலும் உண்டு. இருவேறு இனங்கள், சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை. நல்ல பாம்பு மற்ற பாம்புகளையும் தின்னும். கையில் அகப்படுகிற அளவில் ஒரு சாரை வந்தால் அதற்குக் கல்யாண நினைப்பெல்லாம் வராது.

செல்வம் என்று கேட்டீர்கள். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய, விஷமில்லாத, எலி தின்கிற பிராணி உங்கள் நெல் வயலில் குடியிருக்கிறது. ‘நாகத்தின் புருஷன்’ என்று பட்டம் கட்டிக் கம்பால் அடிக்காமல் விட்டால், அறுவடையில் நாலு மரக்கால் நெல்லாவது மிஞ்சும். துணி போடுகிற சாக்கில் கிட்டே போவது மட்டும் வேண்டாம். எல்லா ஊரிலும் அது சாரையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல பாம்பிலும் ஆண்கள் இப்படி மல்லுக்கட்டும்.

கே: சாம்பாரில் பல்லி விழுந்தால் விஷம்தானே? (வாசகர், அரக்கோணம்)

ப: நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் இல்லை. ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கொதிக்கிற சாம்பாரில் அது பிழைக்காது. ஆறிய சோற்றிலும் மோரிலும் பிழைக்கும். ஆகவே கீழே கொட்டுங்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. வாந்தி, பேதி வந்தால் மருத்துவரைப் பாருங்கள். தோள் மேல் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் சொல்லும். காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டால் தோஷம் போகும் என்பார்கள். தொட்டுவிட்டு வாருங்கள், கோயில் அழகான கோயில்.

கே: கிரகணத்தன்று மட்டும் தாம்பாளத்தில் உலக்கை நிற்பது எப்படி? 2019இல் எங்கள் தெருவே கூடி நின்று பார்த்தது. (வாசகர், திண்டுக்கல்)

ப: அந்த டிசம்பர் 26 காலையில் உங்கள் ஊரில் வானத்திலேயே நெருப்பு வளையம் தெரிந்தது. தெருவே கூடித் தாம்பாளத்தைப் பார்த்தது என்கிறீர்கள். வயிறு எரிகிறது.

சரி, உலக்கைக்கு வருவோம். அடிப்பூண் தட்டையாக இருந்து, உலக்கையின் எடை அதன் மேல் நேராக இறங்கினால் அது நிற்கும். எங்கள் வீட்டு உலக்கையில் ஒரு முனைப் பூண் சாய்வாகத் தேய்ந்துவிட்டது. அந்த முனையில் எந்தக் கிரகணத்திலும் நிற்காது. திருப்பி வைத்தால் வெறும் செவ்வாய்க்கிழமையிலும் நிற்கும். தாம்பாளத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை. சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுக்கின்றனவே என்றால், மாதாமாதம் அமாவாசைக்கும் கிட்டத்தட்ட அதே இழுப்புதான். கடல் பொங்க அது போதும். ஆனால் பூமி உலக்கையை இழுக்கும் விசையோடு ஒப்பிட்டால் அது கோடியில் ஒன்றிரண்டு பங்கு. மற்ற நாளில் யாரும் பொறுமையாக நிறுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவே. 2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் அடுத்த வளையம் வருகிறது. அன்றைக்காவது கிரகணக் கண்ணாடியோடு மேலே பாருங்கள்.

கே: விடிகாலையில் விழிப்பு வருகிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அமுக்குவான் பேய் என்று பாட்டி தலையணைக்கடியில் இரும்புக் கத்தி வைத்துவிட்டார். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

ப: கனவு காணும் நேரத்தில் மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போடுகிறது. கனவில் ஓடினால் நிஜத்தில் கட்டிலைவிட்டு ஓடாமலிருக்க அந்த ஏற்பாடு. சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, கட்டு அவிழச் சில விநாடிகளோ ஓரிரு நிமிடமோ ஆகிறது. கனவின் மிச்சம்தான் உட்கார்ந்திருக்கும் ஆள். ஜப்பானில் இதற்குக் கனாஷிபாரி என்று பெயர், அங்கேயும் பேய்க்கதை உண்டு. தூக்கம் கெட்டாலும் மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும். பரீட்சைக்கு விடிய விடியப் படிப்பதை நிறுத்தி, ஒருக்களித்துப் படுங்கள். அடிக்கடி வந்தால், பகலிலும் அடக்கமுடியாமல் தூக்கம் தள்ளினால், மருத்துவரிடம் காட்டுங்கள். கத்தியைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள். தூக்கத்தில் கையைக் கிழிக்கும்.