ஐஸ் கணக்கில் தேதி பார்த்த பெண்

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டிக்குத் தெற்கே உங்கள் ஊரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, நீங்களும் அண்ணியும் மகளும் சென்ற வாரம் வந்திருந்தீர்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "கலெக்டர் ஆக்குகிறோம் என்று அனுப்பி வைத்து, வயதான காலத்தில் என் பிள்ளை கோர்ட் வாசலில் நிற்க வேண்டி வருமா?" முந்தின இரவு தொலைக்காட்சியில் ஓய்வுபெற்ற செயலாளர் ஒருவரின் வழக்கைப் பற்றிப் பார்த்துவிட்டு நீங்கள் தூங்கவேயில்லை என்று அண்ணி சொன்னார்கள்.

"அதெல்லாம் எங்கோ ஒருவருக்கு நடப்பது, மனதைப் போட்டு உழப்பாதீர்கள்" என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிள்ளைகளுக்கு என்ன படிப்பு, என்ன வேலை என்று வழிசொல்லும் என் தொழிலில் சமாதானம் சொல்வது ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம். சொன்னது பாதி உண்மைதான். மீதியை இப்போது எழுதுகிறேன்.

சித்தார்த்த பெஹுரா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தொலைத்தொடர்புத் துறையின் செயலாளராக 2008 ஜனவரி 1 அன்று பொறுப்பேற்றார். அதே மாதம் 10ஆம் தேதி செல்போன் நிறுவனங்களுக்கு அலைக்கற்றை உரிமத்துக்கான ஒப்புதல் கடிதங்கள் வழங்கப்பட்டன. நாற்காலியில் உட்கார்ந்து பத்து நாள்தான். 2009இல் ஓய்வு பெற்றார். அந்த உரிமங்களில் முறைகேடு என்ற வழக்கில் 2011 பிப்ரவரி 2 அன்று, துறை அமைச்சராக இருந்த ஆ.ராசாவோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டு, ஓராண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அப்பாடா என்று இருந்துவிட முடியவில்லை. சிபிஐ-யின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. பத்து நாள் பழகிய நாற்காலி பதினாறு ஆண்டு கழித்தும் அவரை விடவில்லை.

இன்னொருவர் எச்.சி.குப்தா, நிலக்கரித் துறையின் முன்னாள் செயலாளர். சுரங்க ஒதுக்கீட்டுக்கான தேர்வுக் குழுவுக்கு அவரே தலைவர் என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக வழக்குகள் வந்தன. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, ஜாமீனே வேண்டாம், சிறையில் இருந்தபடியே வழக்கை எதிர்கொள்கிறேன் என்று 2016இல் நீதிமன்றத்தில் சொன்னவர் அவர். அவர் நேர்மையானவர் என்று சக அதிகாரிகள் பலர் வெளிப்படையாகவே பேசினார்கள். ஆனாலும் 2017இல் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை வந்தது. பிறகு வேறு வழக்குகளிலும் தண்டனை, சிலவற்றில் விடுதலை. அன்றைய ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதிகாரி தன் கைக்கு ஒரு காசு வாங்காவிட்டாலும், பொதுநலன் இல்லாமல் வேறொருவருக்கு ஆதாயம் போய்ச் சேர வழி செய்திருந்தால் அதுவே குற்றம். 2018இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள்.

இவர்கள் செய்தது சரியா தவறா என்பது நீதிமன்றங்கள் பார்க்க வேண்டியது, எனக்கு அதில் வேலையில்லை. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை மட்டும் பாருங்கள். அமைச்சர் விரும்புவார், கீழேயிருந்து குறிப்பு எழுதி வரும், நடுவில் கையெழுத்துப் போடுகிறவர் செயலாளர். வாய்மொழி உத்தரவை அப்படியே நிறைவேற்றக் கூடாது, எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களின் முதல் பெயர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன், நம் தஞ்சாவூர்க்காரர், அமைச்சரவைச் செயலாளராக இருந்தவர். உச்சாணியில் இருந்தவரே நீதிமன்றம் போய்த்தான் அந்தப் பாதுகாப்பைக் கேட்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சொல்வது பயமுறுத்துவதற்கு அல்ல. பாக் நீரிணையில் இரவில் வலை விடுகிற மனிதரை நான் என்ன பயமுறுத்துவது? எல்லைக்கோடு எங்கே என்று தெரியாத இருட்டில் போய் வருகிறவர் நீங்கள். ஆபத்து இருக்கிறது என்பதற்காக ஒரு தொழிலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆபத்தைத் தாங்குகிற மனம் இந்தப் பிள்ளைக்கு இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். முழுத் தகவல் கையில் இல்லாதபோதும் முடிவெடுத்து, பெயரைப் போட்டு, பதினைந்து ஆண்டு கழித்து யார் கேட்டாலும் "நான்தான்" என்று நிற்பதில் ஒருவகை ருசி காண்கிறவர்கள் உண்டு. அவர்கள் போகட்டும். உங்கள் மகள் அந்த ரகம் இல்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நீங்களும் அண்ணியும் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். ஒரு கடற்கரைக் கிராமம், கையில் இருக்கும் பணத்துக்கு வலை பின்னும் கூடமோ குடிநீர்த் தொட்டியோ ஒன்றுதான் கட்ட முடியும், முடிவெழுதிக் கையெழுத்துப் போடு என்றேன். அரை மணி நேரம் ஆயிற்று. எத்தனை வீடு, தண்ணீர் லாரிக்கு இப்போது என்ன செலவு, பழைய தொட்டி ஏன் உடைந்தது, யார் கட்டியது, அதற்குப் பணம் கொடுத்தாயிற்றா என்று தாளின் ஓரமெல்லாம் கேள்வி எழுதினாள். கையெழுத்து மட்டும் போடவில்லை. அது குறையில்லை அண்ணே, அவளுடைய சுபாவம்.

பிறகு அவள் சொன்ன ஒரு சம்பவத்தை நீங்கள் எனக்குச் சொல்லவேயில்லை. சென்ற ஆண்டு, உங்கள் படகுக்கு முன்பணம் கொடுத்திருக்கும் மீன் கம்பெனிக்காரர் அனுப்பிய கணக்கை அவள் சரிபார்த்திருக்கிறாள். ஐஸ் பில்லில் ஏப்ரல் 20 என்று ஒரு தேதி. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உங்கள் விசைப்படகு கரையில் ஏறிக்கிடந்து பலகை மாற்றிக்கொண்டிருந்தது. கரையில் கிடக்கும் படகுக்கு எதற்கு ஐஸ்? அத்தோடு விடாமல், கடலுக்குப் போக மீன்துறை கொடுத்த டோக்கன்களை எடுத்து, ஆண்டு முழுவதும் உள்ள ஐஸ், டீசல் பில்களின் தேதிகளோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டிருக்கிறாள். இன்னும் நான்கு இடத்தில் தேதி இடித்திருக்கிறது. உறவுக்காரரான அவரிடமே கணக்குக் கேட்பதா என்று வீட்டில் அவளைத் திட்டியிருக்கிறீர்கள். ஆனால் பணம் திரும்பி வந்தது, வாங்கிக்கொண்டீர்கள்.

ஒருவர் எழுதிய கணக்கை, அவர் கைபடாத வேறொரு ஆவணத்தோடு ஒட்டிப் பார்ப்பதற்குப் பெயர் தணிக்கை. பதினேழு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் அதைச் செய்திருக்கிறாள். மேலே சொன்ன இரண்டு விவகாரங்களும் நாடு முழுக்கப் பேசப்பட்டது எதனால்? அலைக்கற்றையில் அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை என்று 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை, நிலக்கரியில் 1.86 லட்சம் கோடி என்று 2012 ஆகஸ்டில் வந்த அறிக்கை. அந்தத் தொகைகளைப் பற்றிச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. தணிக்கைக் கணக்கு வேறு, நீதிமன்றத் தீர்ப்பு வேறு என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் கோப்புகளைத் திறந்து, எந்தத் தேதியில் யார் என்ன எழுதினார்கள் என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் தணிக்கைத் துறையின் ஊழியர்கள். செய்தித்தாளில் படம் வராத மனிதர்கள்.

சி.ஏ.ஜி.யின் கீழ் இயங்கும் இந்தியத் தணிக்கை, கணக்குத் துறையைப் பற்றி நம் கரையோரப் பள்ளிகளில் யாரும் பேசுவதில்லை. சென்னையில் தேனாம்பேட்டையில் அண்ணா சாலை மேலேயே அலுவலகம் இருக்கிறது. வங்கி என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். அங்கே உதவித் தணிக்கை அலுவலர் என்று ஒரு பதவி. பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு, அதாவது சி.ஜி.எல்., வழியாக நேரடியாகவே சேரலாம். ஏதேனும் ஒரு பட்டம் போதும். வணிகவியல் என்றால் கூடுதல் நல்லது. அடிப்படைச் சம்பளம் மாதம் 47,600 ரூபாய், படிகள் தனி. அதற்கு மதிப்பெண் எட்டாவிட்டால் தணிக்கையாளர் பதவி, அடிப்படை 29,200. உள்ளே போன பிறகு துறைத் தேர்வு எழுதி மேலே ஏறலாம். இந்தத் துறைத் தேர்வு கடினமானது, ஒரே தடவையில் தேறாதவர்கள் நிறைய.

வேலை எப்படி இருக்கும்? தணிக்கைக் குழுவாக இரண்டு மூன்று பேர் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போவார்கள். ஒரு மேசை, மின்விசிறி, கட்டுக் கட்டாகப் பதிவேடுகள். ரொக்கப் புத்தகம், பற்றுச்சீட்டு, ஒப்பந்தப்புள்ளி, அளவுப் புத்தகம். சந்தேகம் வந்தால் பாதிப் பக்கத்தில் கேள்வியை எழுதி, மீதிப் பாதியைப் பதிலுக்காகக் காலியாக விட்டுக் கொடுப்பார்கள். பதில் திருப்தியில்லை என்றால் அது தணிக்கைத் தடை, அதாவது எழுத்துமூலமான ஆட்சேபம் ஆகிறது. கனமான விஷயம் என்றால் படிப்படியாக மேலே போய் அறிக்கையில் ஒரு பத்தியாகி, சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவின் முன்னால் வருகிறது. அந்தக் குழுவின் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர் யார் தெரியுமா? துறையின் செயலாளர்.

எல்லாம் இனிப்பாகச் சொல்லிவிட மாட்டேன். தணிக்கைக்காரர் வந்தால் அலுவலகத்தில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஊர் ஊராகப் போக வேண்டும். எழுதிய தடைகளில் பல ஆண்டுக்கணக்கில் தூங்கும். சைரன் வைத்த கார் இல்லை, கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியும் இல்லை. பெரிய சிக்கல் ஒன்று மொழி: சி.ஜி.எல். தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கிறது. உங்கள் மகள் தமிழ் வழியில் படித்தவள். மூன்று ஆண்டு இருக்கிறது, இன்றிலிருந்தே ஆங்கிலச் செய்தித்தாள் தொடங்க வேண்டும். அது எந்த வகையிலும் அவளுக்குச் சரிவரவில்லை என்றால், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 வழியாக மாநிலத் தணிக்கைப் பணிகள் இருக்கின்றன. உள்ளாட்சிகளின் கணக்கைப் பார்க்க ஒரு துறை, கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒன்று. உங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கையும் யாரோ ஒருவர் வந்து பார்த்துவிட்டுத்தானே போகிறார்? அவரை நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது மைத்துனர் விஷயம். அவர் வளைகுடாவில் பாடுபட்டுச் சம்பாதிக்கிறவர், மருமகள் மேல் அவருக்குள்ள பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டம் படிக்கும்போதே டெல்லியில் ஒரு தனியார் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தில் சேர்க்கலாம், கட்டணத்தில் பாதி நான் தருகிறேன், மீதிக்குப் படகில் உள்ள பங்கை அடமானம் வையுங்கள் என்கிறாரே, அதற்கு என் பதில் ஒரே சொல்: கூடாது. குடிமைப் பணித் தேர்வுக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் பேர் அளவில் விண்ணப்பிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டுத் தேர்வில் தேர்வானவர்கள் 1,016 பேர், அதில் ஐ.ஏ.எஸ். இடங்கள் 180. இந்த எண்ணுக்கு எதிராகப் படகை வைத்துச் சூதாட முடியாது. தடைக்காலத்தில் அந்த 61 நாளும் வட்டி நிற்காது. படகு போனால் அதில் பங்குள்ள உங்கள் கூடப்பிறந்த தம்பி குடும்பமும் சேர்ந்து மூழ்கும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அவளே இருபத்து நான்கு வயதில் வந்து "நான் குடிமைப் பணித் தேர்வு எழுதுகிறேன்" என்றால் தடுக்காதீர்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 35 வயது வரை, ஒன்பது முறை எழுத வாய்ப்பு உண்டு. முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகை, தேர்ந்தெடுக்கப்படும் ஆயிரம் பேருக்குத் தமிழக அரசே கொடுக்கிறது. அடமானம் எதற்கு? அந்தத் தேர்விலேயே தணிக்கைப் பணிக்கென்று தனி உயர்பதவி இருக்கிறது, பயிற்சி சிம்லாவில். ஐ.ஏ.ஏ.எஸ். என்று பெயர். மைத்துனரிடம் சொல்லுங்கள், அவர் கேட்டதைவிட ஓர் எழுத்து அதிகம்.

இப்போதைக்கு ராமநாதபுரத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். விண்ணப்பம் போடுங்கள். அவள் ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வரும். அதை வீட்டுச் செலவுக்கு எடுக்காதீர்கள், பஸ்ஸுக்கும் செய்தித்தாளுக்கும் சரியாக இருக்கும். எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

மைத்துனர் மறுபடி பேசும்போது போனை என்னிடம் கொடுங்கள், அவரோடு நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த முறை வரும்போது அவளுடைய அந்த ஐஸ் கணக்கு நோட்டை மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். டீசல் பக்கத்தில் அவள் பென்சிலால் வட்டம் போட்ட இரண்டு தேதிகள் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி