கவர் வாங்க யாரை நிறுத்துவது?

அன்புள்ள அண்ணா,

என் முதல் கவிதைத் தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டது. வெளியீட்டை எங்கள் ஊரிலேயே வைக்க விருப்பம். கூடப் படித்தவர்கள் ஆறேழு பேர் "என்ன வேணுமெண்டாலும் சொல்லு" என்கிறார்கள். எனக்குத்தான் வாய் வருகுதில்லை. என் புத்தகத்துக்காக அவர்களை அலைக்கழிப்பது சரியா? உதவி செய்தவர்களுக்கு மேடையில் பேச இடம் கொடுக்கத்தானே வேண்டும்?

ஒரு வாசகி, திருக்கோவில், கிழக்கிலங்கை

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். நம்ம காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் இசை ஆராய்ச்சி நூலான யாழ் நூலையே தஞ்சாவூர்க் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார்தான் வெளியிட்டார்கள். 1947 யூனில் அது தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடிகளுக்கே ஒரு கூட்டம் தேவைப்பட்டது.

ஆனால் "வந்து நில்லுங்கோ" என்று மட்டும் கேட்காதீர்கள். வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். இன்ன வேலை, இத்தனை மணிக்கு, இதோடு முடிந்தது என்று சொல்லுங்கள். நயவுரைக்கு, அதாவது புத்தகத்தை நயந்து பேச, கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும். அங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று கடந்து அவரைக் கொண்டுவர வேண்டும். வான் வைத்திருக்கும் நண்பருக்கு அன்று அது ஒன்றுதான் வேலை. மைக்கையும் கொஞ்சம் பாருங்கோ என்று அவரிடம் சொல்லக் கூடாது.

நம்பிக்கையான ஆட்களைக் காசுக் கவருக்கு வையுங்கள். நம் பக்கத்து வெளியீடுகளில் பலர் மேடைக்கு வந்து பிரதியை வாங்கிக்கொண்டு கவரை உங்கள் கையிலேயே திணிப்பார்கள். நீங்கள் அதைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவீர்கள், அவர் மேசையில் வைப்பார், அதன்மேல் பொன்னாடைகள் குவியும். சில கவரில் பெயரே இராது. ஆகவே ஒருவர் பையும் பேனையுமாக உங்கள் பின்னாலேயே நிற்கட்டும்; கவர் வந்த கையோடு பெயரைக் குறித்துவிட வேண்டும். இன்னொருவர் வாசல் மேசையில், கணக்கெழுத ஒரு சீ.ஆர். கொப்பியும் சில்லறையும் வைத்துக்கொண்டு. ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டுகிறவருக்கு மிச்சம் கொடுக்க வழியில்லாவிட்டால் "பிறகு வாறன்" என்பார், வரமாட்டார். இந்த இருவருக்கும் கவிதை தெரிய வேண்டியதில்லை. ஊராரின் முகம் தெரிந்து, கணக்கில் நேராக இருந்தால் போதும். அந்தக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் புத்தகத்துக்கும் நீங்கள் போக வேண்டும்.

மேடை விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. உதவிக்குக் கைமாறாக நயவுரையைக் கொடுக்காதீர்கள். நட்புக்காகப் பேச வருகிறவர் பள்ளிக்கூடத்துக் கதையில் தொடங்கி அரை மணித்தியாலம் அங்கேயே நிற்பார். கவிதைப் பக்கம் வரவே மாட்டார். நயவுரை புத்தகத்தை வாசித்தவருக்கு. பேசத்தான் வேண்டும் என்று நிற்கும் நண்பருக்கு நன்றியுரை இருக்கிறது. அந்நேரம் சபை எழும்பத் தொடங்கிவிடும் என்பதால் அது தானாகவே சுருங்கும்.

திகதியைக் கார்த்திகை, மார்கழி மழைக்குள் போடாதீர்கள். வைகாசியும் வேண்டாம், கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் ஆள் சேராது. அழைப்பிதழில் மூன்றரை என்று போட்டாலும் விளக்கேற்ற நாலரை ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கரைப்பற்று முஸ்லிம் நண்பர்கள் மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கு எழும்ப வேண்டியிருக்கும். அவர்களுக்குரிய பிரதிகளை முன்கூட்டியே கொடுத்துவிடும்படி அறிவிப்பாளரிடம் சொல்லி வையுங்கள். காலையில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

முதற்பிரதிக்கு ரிபன் கட்டும் தோழியிடம் இழுத்தால் அவிழும் சுருக்காகப் போடச் சொல்லுங்கள். கமராக்காரர் காத்து நிற்க, பிரதம விருந்தினர் ரிபனைப் பல்லால் கடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வடை, றோல்ஸ், ரீ பரிமாறும் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கை முதலே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் அவர்களுக்குத்தான் ஒன்றும் மிஞ்சுவதில்லை. திகதி முடிவானதும் அறிவியுங்கள். கதிரை அடுக்க வருகிறேன், பேச மட்டும் கூப்பிடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்