வில்லங்கத்தில் வராத உயில்

கேள்வி: கீழ்ப்பழனி மலையில் எங்கள் தாத்தாவுக்குக் காப்பித் தோட்டமும் மலைவாழைக் காடும் இருந்தன. 1951-ல் உயில் எழுதி, 1953-ல் காலமானார். எல்லாவற்றையும் பெரியப்பாவுக்கே எழுதிவிட்டார் என்றும், அப்பா வழக்குப் போட்டுத் தோற்றார் என்றும் வீட்டில் சொல்வார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். உயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் அது போலியா? உண்மையை எங்கே தேடுவது?
- வாசகி, பண்ணைக்காடு

பதில்: அதை வைத்துப் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அம்மா. வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ம் புத்தகத்தைப் பார்த்துத் தருவது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் அதில் வரும். உயில் பதிவாவது 3-ம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் அதன் நகல் கிடைக்கும். காலமான பிறகு யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். தாத்தாவின் இறப்புச் சான்றை வைத்து மனுக் கொடுங்கள். எழுதியவர் இறந்த பிறகும் உயிலைக் கொண்டுபோய்ப் பதிய முடியும் என்பதால், 1953-க்குப் பிந்தைய சில வருடங்களையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். அங்கேயும் இல்லையா? உயிலைப் பதிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அப்புறம் கோர்ட் ரெக்கார்டுகளில் தேட வேண்டியதுதான்.

கோர்ட் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உயிலைவிட அந்த வழக்கின் தீர்ப்பைத் தேடிப் பிடிப்பதுதான் முக்கியம். உங்கள் தாத்தா இறந்தது, 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பு. பாகம் பிரியாத குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் தன் பங்கைக்கூட ஒருவர் அப்போது உயில் எழுத முடியாது. சுயார்ஜிதம், அதாவது தானே சம்பாதித்தது என்றால் மட்டும் இஷ்டம்போல் எழுதலாம். எனவே உயில் உண்மையா என்பதோடு, தோட்டம் பூர்வீகமா சுயார்ஜிதமா என்ற கேள்வியும் அந்தக் காலத்து வழக்குகளில் வந்துவிடும். தோட்டம் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? பாட்டியின் நகையை விற்றதா, முன்னோர் விட்டுப்போன வயலின் வருமானமா? கூண்டில் ஏறியவர்கள் இதற்குச் சொன்ன பதில்களை நீதிபதி தீர்ப்பில் சுருக்கி எழுதியிருப்பார். உயிலில் இதெல்லாம் இருக்காது.

தீர்ப்பின் கடைசிப் பக்கங்களை அவசரமாகப் புரட்டித் தள்ளிவிடாதீர்கள். வாதி தரப்பு ஆவணங்கள் ஏ-1, ஏ-2 என்றும், பிரதிவாதி தரப்பு பி-1, பி-2 என்றும் தேதியோடு அங்கே வரிசையாக இருக்கும். கிரயப் பத்திரம், கந்தாய (நிலவரி) ரசீது, கடிதம் எதுவும் இருக்கலாம். ஒரு தீர்ப்பில் பி-4 என்று ஒரு வரி பார்த்திருக்கிறேன்: பங்குக்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொண்டதாக, அண்ணனுக்குத் தம்பி எழுதிய கடிதம். அந்தத் தம்பியின் பேரன்கள் அதுவரை ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. படிக்காமல் பெரியப்பாவையும் பழிக்க வேண்டாம், அப்பாவையும் குறைத்து எண்ண வேண்டாம்.

வழக்கு எண் தெரியாது என்பீர்கள். பெரியப்பா பிற்பாடு எதையாவது விற்றிருந்தால், அந்தக் கிரயப் பத்திரத்தில் ‘இன்ன கோர்ட் ஓ.எஸ். இன்ன நம்பர் தீர்ப்பின்படி எனக்குப் பாத்தியப்பட்டு’ என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு (ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு). இது 1-ம் புத்தகச் சமாசாரம், வில்லங்கத்திலேயே பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் வருடவாரியான வழக்குப் பதிவேட்டில் அப்பா பெயரைத் தேட வேண்டியதுதான். திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது 1985-ல். அதற்கு முன் கொடைக்கானல் மதுரை மாவட்டம். அப்பீல் நடந்திருந்தால் மதுரைக் கோர்ட்டில் கேளுங்கள். இரண்டாவது அப்பீல் என்றால் சென்னை உயர் நீதிமன்றம். மதுரைக் கிளை வந்ததே 2004-ல்தான்.

நீங்கள் வழக்கில் கட்சிக்காரர் இல்லை. வாதியின் மகள் என்றும், நகல் எதற்கு என்றும் அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) வைத்து நகல் மனுப் போடுங்கள். பிராதும் (வாதி முதலில் தாக்கல் செய்த மனு) வாக்குமூலங்களும் கிடைப்பது சந்தேகம். கெடு முடிந்த கட்டுகளை அழித்துவிடுவார்கள். பிராது மட்டும் கிடைத்துவிட்டால் பெரிய அதிர்ஷ்டம். பாக வழக்குப் பிராதில் வம்சாவளி இருக்கும், பேச்சிலேயே அடிபடாத அத்தைமார் பெயர்கள் உட்பட.

தாலுகா அலுவலகத்துப் பழைய கணக்குகளில் பசலி ஆண்டுதான், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டுதான் போட்டிருக்கும். அதோடு 590-ஐக் கூட்டுங்கள்: பசலி 1363 என்றால் 1953 ஜூலை முதல் 1954 ஜூன் வரை. தாத்தாவுக்குப் பிறகு யார் பெயர் ஏறியது என்பதை அந்த வருடத்திலிருந்து பாருங்கள்.

இதை வைத்துப் பழைய வழக்கைத் திரும்ப நடத்தலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். கடைசிவரை தீர்ப்பாகி முடிந்த விஷயத்தை அதே கட்சிக்காரர்களின் வாரிசுகள் மறுபடி கிளப்ப முடியாது.

காகிதம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அப்பா தலைமுறையில் அத்தையோ சித்தப்பாவோ இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார், அப்பாவுக்கு வக்கீல் யார் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.